செவெசோ பெண்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சாயக் கழிவு கலக்கும் நொய்யல் ஆற்றைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நிலம், கிணறு, தென்னை எல்லாம் அதில் வந்தது. பெண்களின் உடம்பு வரவில்லை. என் அண்ணிக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பேருக்கு இதே கதை. அண்ணனுக்குச் சாயப்பட்டறையில் வேலை. டாக்டர் அண்ணியை எடை குறைக்கச் சொல்கிறார். அம்மா அண்ணியின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு அலைகிறார். ரசாயனம் காரணமாக இருக்குமா? யாராவது முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா?

சுமதி, திருப்பூர்

அன்புள்ள சுமதி,

ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் நான் அடிக்கடி எடுத்துப் படிப்பது இத்தாலியில் நடந்த ஆய்வு.

மிலானுக்கு வடக்கே மேதா என்ற ஊரில் இக்மெசா என்றொரு ரசாயன ஆலை இருந்தது. 1976 ஜூலை 10, சனிக்கிழமை மதியம், அங்கே ஒரு கலன் அளவுமீறிச் சூடேறி, டையாக்சின் என்ற கொடிய நஞ்சு கலந்த புகை வெளியேறிப் பக்கத்து ஊரான செவெசோவின் மேல் படிந்தது. முயல்களும் கோழிகளும் செத்தன. குழந்தைகளின் முகமெல்லாம் கொப்புளம். கர்ப்பிணிகள் நடுங்கிப்போனார்கள். கருக்கலைப்புக்கு அன்று அந்நாட்டில் தடை இருந்தது. இருந்தும் சிலருக்கு மருத்துவக் காரணம் காட்டி அனுமதி கிடைத்தது.

அப்போது டெசியோ மருத்துவமனையில் இருந்த பாவ்லோ மோக்கரெல்லி என்ற மருத்துவர், பரிசோதனைக்கு எடுத்த ரத்தத்தில் மிஞ்சிய சீரத்தை, அதாவது அணுக்கள் நீங்கிய தெளிந்த நீரை, கொட்டாமல் உறையவைத்தார். அவ்வளவு குறைந்த சீரத்தில் டையாக்சினை அளக்கும் முறை அன்று கிடையாது. பத்து வருடம் கழித்துத்தான் அமெரிக்காவில் வந்தது. என்ன நம்பிக்கையில் எடுத்துவைத்தாரோ! 1996ல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர் பிரெண்டா எஸ்கெனாசி அவரோடு சேர்ந்து, விபத்தின்போது 40 வயது வரை இருந்த பெண்களைத் தேடிப்போனார். 981 பேர் ஆய்வுக்கு வந்தார்கள். யார் உடம்பில் எவ்வளவு ஏறியது என்பதை ஊகிக்க வேண்டியிருக்கவில்லை, அளந்தே பார்த்தார்கள்.

கருச்சிதைவு கூடியிருக்கும் என்ற பயம் இருந்தது, அப்படித் தெரியவில்லை. வயதுக்கு வரும் காலமும் மாறவில்லை. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) இரண்டு மடங்கு போலத் தோன்றினாலும், தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2010ல் வந்த முடிவுதான் உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் வருகிறது: ரத்தத்தில் டையாக்சின் பத்து மடங்கு கூடும்போது, கருத்தரிக்க ஆகும் காலம் 25 சதவீதம் நீண்டது. ஒரு வருடம் முயன்றும் கருத்தரிக்காமல் போகிற வாய்ப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பு.

உங்கள் அம்மா தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. 1977 முதல் 1984 வரை, மிக மோசமாகப் பாதித்த பகுதியில் 48 பெண் குழந்தைகளும் 26 ஆண் குழந்தைகளும் பிறந்தன. ஏன் என்று தோண்டியபோது, தாயின் ரத்தத்தில் இருந்த அளவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தந்தையின் ரத்தத்துக்குத்தான் இருந்தது, அதுவும் 19 வயதுக்கு முன்பே நஞ்சு ஏறியவர்களுக்கு. பிற்பாடு விந்தையும் பரிசோதித்தார்கள். சின்னப் பையனாக இருந்தபோது டையாக்சின் பட்டவர்களுக்கு விந்தணுக்கள் குறைவாக இருந்தன.

இதை வைத்துச் சாயக் கழிவுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ரசாயனம் வேறு, அளவும் வேறு. உலகில் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மைச் சிக்கல் வருவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது; ஒரு தெருவில் மூன்று பேர் என்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் "ஆதாரம் இல்லை" என்று யாராவது கையை விரித்தால் எனக்கு மோக்கரெல்லியின் உறைபெட்டிதான் நினைவுக்கு வரும். எடுத்துவைத்தால்தானே இருக்கும்?

சரி, அண்ணிக்கு வருவோம். எடை குறைப்பது நல்லதுதான், டாக்டர் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் அண்ணனைப் பரிசோதித்ததாக ஒரு வரிகூட இல்லை. விந்துப் பரிசோதனைக்கு ஊசி கிடையாது, வலி கிடையாது, செலவும் அதிகமில்லை. ஆறு வருடத்தில் முதலில் செய்திருக்க வேண்டியது அது. ரசாயனம் இருக்கட்டும், நாள் முழுக்கச் சூட்டில் நின்று வேலை செய்வதே விந்தணுவைக் குறைக்கக்கூடும். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். எந்தப் பிரிவில் வேலை, எத்தனை வருடமாக, என்னென்ன கையில் படுகிறது, கையுறை தருகிறார்களா என்பதை அவரே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பல டாக்டர்கள் தாமாகக் கேட்பதில்லை.