கறுப்புப் பட்டையைப் பிரிக்காதீர்கள்

கேள்வி: பாட்டியின் தேக்குப் பெட்டியில் அலை அலையாக நெய்த பட்டுக் கைலி ஒன்று கிடைத்தது. இடுப்புப் பக்கம் கறுப்புப் பருத்தித் துணி தைத்திருக்கிறது, பார்க்க ஒட்டுப்போட்டதுபோல் இருக்கிறது. 'மண்டலே அரண்மனைப் பட்டு' என்கிறார் கடைக்காரர். பருத்தியைப் பிரித்து, துவைத்து, சட்டம் போடலாமா? – மோல்மேன் (பர்மா) வாசகி

பதில்: அது ஒட்டு இல்லை, உடையின் பாகம்தான். பட்டு இடுப்பில் வழுக்கும்; செருகலைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பருத்திதான். உங்கள் கைலியின் வயதைச் சொல்வதில் பூவேலையைவிட உடையைத் தைத்த விதத்துக்குப் பங்கு அதிகம்.

பர்மிய மன்னர் காலத்தில் பெண்கள் உடுத்தியது குழாயாகத் தைத்த கைலி அல்ல. முன்புறம் திறந்த துணி. இடுப்புப் பட்டை, நடுவில் அலை நெசவு, தரையில் புரளும் கீழ்த்துண்டு என மூன்றாக இணைத்தது. நடந்தால் கால் தெரியும். வெள்ளைக்காரர் ஆட்சியில் அது கூச்சத்துக்குரியதாகி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குழாய்த் தையல் நிலைத்தது. ஆகவே கீழ்விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வரிசையாகப் பழைய ஊசித்துளைகள் தெரிந்தால், புரளும் துண்டைப் பிரித்து எடுத்திருக்கலாம்; அப்படியானால் அது முதலில் பழைய திறந்த துணியாக இருந்திருக்கலாம். பட்டையை மட்டும் வைத்து வயது கணிக்க வேண்டாம். முதலில் நைவது அதுதான், மாற்றித் தைத்திருப்பார்கள்.

அரண்மனைப் பட்டு என்ற பேச்சை நான் அவ்வளவு சீக்கிரம் நம்பமாட்டேன். இந்த நெசவுக்கு லுன்தயா என்று பெயர், 'நூறு நாடா' என்று பொருள்; நாடா என்பது தறியில் குறுக்கு நூலை ஓட்டும் கருவி. மண்டலே அருகே உள்ள அமரபுரத்தின் தறிகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி நாடா விட்டு, ஊடைகளை (குறுக்கு நூல்களை) ஒன்றோடொன்று கோத்து நெய்வது. அந்தப் பக்கத்துப் பட்டு நெசவாளர்களில் பலர் மணிப்பூர்ப் போர்களில் பிடித்துவரப்பட்டவர்களின் வழியினர். அரசவையாருக்கு உரியதாக இருந்த துணி, 1885 நவம்பரில் பர்மாவின் கடைசி மன்னர் திபோ நாடுகடத்தப்பட்டதும் காசுள்ள எவரும் வாங்கும் சரக்கானது. உங்கள் குடும்பத்துக்கு அது அப்படி வந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அசல்தானா என்று பார்க்கத் துணியைத் திருப்புங்கள். நிறம் மாறும் இடங்களில் நூல் கோத்துத் திரும்பிய சிறு முண்டுகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். பின்பக்கம் வெளிறி, வழவழவென்று இருந்தால் அச்சடித்தது. ஏற்கெனவே பிரிந்து நிற்கும் நூலில் ஒரு சென்டிமீட்டர் எடுத்துக் கொளுத்துங்கள்: முடி கருகும் நாற்றமும் நசுக்கினால் பொடியும் சாம்பலும் பட்டு, காகித நாற்றம் ரேயான், உருகி மணியானால் பாலியஸ்டர்.

துவைக்க வேண்டாம். நனைந்த பட்டு வலுவிழக்கும், பழைய சாயம் பரவும். சந்தேகமிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த வெள்ளைப் பஞ்சைத் தையலின் உள்பக்கத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள், நிறம் ஏறினால் விடை கிடைத்துவிட்டது. டிரை கிளீனிங்குக்கும் கொடுக்காதீர்கள். நைலான் வலையை மேலே விரித்து, குறைந்த இழுவையில் வேக்குவம் காட்டினால் தூசி போகும்.

சட்டம் போட்டே ஆக வேண்டுமென்றால், பருத்தி போர்த்திய பலகையில் நூலால் தைத்து, கண்ணாடி துணியில் படாமல் இடைவெளி விட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். பசை கூடவே கூடாது.

எனக்குக் கேட்டால் சுருட்டி வைப்பதே மேல். காடாத் துணியைக் கஞ்சி போக நாலைந்து முறை அலசி உலர்த்தி, அட்டைக் குழாயில் சுற்றி, அதன்மேல் கைலியை வேலைப்பாடு வெளியே தெரியச் சுருட்டி, இன்னொரு காடாவால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறையில் மழைக்கால ஈரம் அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும். தேக்குப் பெட்டியின் எண்ணெய் கறையாக்கும், பட்டு மரத்தில் நேரடியாகப் படக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மழை இல்லாத நாளில் பிரித்துப் பாருங்கள்.

பாட்டி அதை எப்போது உடுத்தினார், யார் வாங்கித் தந்தது என்று தெரிந்ததை ஒரு சீட்டில் எழுதி, பருத்தி நாடாவால் குழாயில் கட்டுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மை ஈரத்தில் ஊறிப் பட்டில் இறங்கும்.