கர்ப்பகாலத்தில் உப்பை அறவே நிறுத்தலாமா?

கேள்வி: ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகளுக்குக் கால் வீங்கியிருப்பதால், இரத்த அழுத்தம் ஏறாமலிருக்க உப்பில்லாச் சோறு கொடுக்கும்படி உறவினர்கள் சொல்கிறார்கள். அது சரியா?

பதில்: வேண்டாம், அம்மா. உப்பை அறவே நீக்குவதால் கர்ப்பகால இரத்த அழுத்தம் தடுக்கப்படுவதில்லை. உணவு இறங்காமல் தாய் மெலிவதும், அயோடின் கலக்காத இந்துப்புக்கு மாறினால் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தேவையான அயோடின் குறைவதும்தான் மிஞ்சும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி, அயோடின் கலந்த உப்பு போதும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ளதும் இக்கணக்கில் அடங்கும். கால் வீக்கம் பெரும்பாலும் இயல்பானதே. ஆனால் அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, கடுமையான தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, திடீர் முகவீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினாலோ, நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.