பதில்: இரவு ராணியின் உச்ச எஃப் ஏன் உடைகிறது

மோட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ ஓபராவில் (இசை நாடகத்தில்) இரவு ராணி பாடும் ஆரியாவில், அதாவது தனிப்பாடலில், உச்ச எஃப் என்ற மிக உயர்ந்த சுரம் ஏன் உடைகிறது என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு அந்தச் சுரத்தில் இல்லை, அதற்கு முந்தைய வரிகளில் இருக்கிறது. தனியாகப் பாடினால் சுத்தமாக வருகிறது, முழு ஆரியாவில்தான் உடைகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே.

ஓபராவில் ராணி பாடும் இந்த இரண்டாவது ஆரியா முழுக்க ஆத்திரம். மகள் கையில் கத்தியைக் கொடுத்துத் தன் எதிரியைக் கொல்லச் சொல்கிறாள் ராணி. அந்தக் கோபத்தில் நடுச் சுரங்களை அழுத்திப் பாடிவிடுகிறோம். அந்தக் கனத்தோடு மேலே ஏற முடியாது. 1791-ல் மோட்சார்ட் இதைத் தன் மைத்துனி யோசெஃபா ஹோஃபருக்காக எழுதினார். உயரத்தில் லேசாகத் தாவும் குரல் அவருடையது. கோபத்தை ஜெர்மன் பாடல்வரிகளின் மெய்யெழுத்துகளில் காட்டுங்கள், தொண்டையில் வேண்டாம்.

ஒன்று செய்து பாருங்கள். தொடக்க வரிகளைப் பாதிக் குரலில் பாடி, நிறுத்தாமல் ஸ்டக்காட்டோவுக்குள் (சுரங்களை வெட்டி வெட்டிப் பாடும் பகுதிக்குள்) போங்கள். எஃப் வந்துவிட்டால் காரணம் அந்த அழுத்தம்தான். வராவிட்டால் மூச்சைக் கவனியுங்கள். ஸ்டக்காட்டோவுக்கு முன் தேவைக்கு மேல் காற்றை நிரப்பினாலும் குரல் இறுகும்.

முழுக் குரலில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை போதும். அப்புறம், மறுநாள் காலையிலும் கரகரப்பு இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாண்களைக் காட்டுங்கள்.