டவுன்ஷிப்னு போட்டிருக்கு, டவுன் எங்க?

கேள்வி: அண்ணே வணக்கம். என் மகளும் மருமகனும் அமெரிக்காவுல அயோவா பக்கம் பழைய வீடு ஒண்ணு வாங்கியிருக்காங்க. பத்திரத்துல ஏதோ டவுன்ஷிப், செக்‌ஷன் 16ன்னு இருக்கு. நானும் நம்ம சிங்கப்பூர் தெம்பனிஸ் டவுன் மாதிரி இருக்கும்னு நெனச்சு மேப்ல பாத்தா ஒரே சோளக்காடு, கடையும் இல்ல ப்ளோக்கும் இல்ல. பிள்ள எங்க போய் மாட்டிக்கிச்சுன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. (ஒரு வாசகி, ஈசூன்)

பதில்: பயப்படாதீங்கம்மா, அங்க டவுன்ஷிப்னா டவுன் இல்ல. நம்ம ஊர் பட்டாவுல சர்வே நம்பர் போடுறோம்ல, அந்த மாதிரி நெலத்துக்குப் போட்ட கணக்கு அது. 1785ல அமெரிக்காவுல ஒரு சட்டம் போட்டாங்க, ஆளுங்களுக்கு நெலத்த விக்கிறதுக்கு முன்னாடியே அளந்து 6 மைலுக்கு 6 மைல்னு சதுரம் சதுரமா பிரிக்கணும்னு. 1 சதுரம்தான் 1 டவுன்ஷிப், கிட்டத்தட்ட 93 சதுர கிலோமீட்டர், எட்டு டவுன்ஷிப்ப ஒட்டி வச்சா நம்ம சிங்கப்பூர் அளவு வந்துரும், பாத்துக்குங்க. பூர்வகுடி மக்கள் காலங்காலமா இருந்த மண்ணு அது, அவங்கள வெலக்கிட்டுத்தான் இந்தக் கோடு விழுந்துச்சு, அதையும் சொல்லணும்.

நானும் அந்தப் பக்கம் கார்ல போயிருக்கேன். ரோடு ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி நேரா போகும், மைலுக்கு 1 குறுக்கு ரோடு, திடீர்னு ஒரு எடத்துல காரணமே இல்லாம சட்டுனு ஒடிஞ்சு பக்கத்துல தள்ளி மறுபடி நேரா போகும். பூமி உருண்டைங்கறதால தெக்கு வடக்கா போற கோடுங்க வடக்க போகப் போக நெருங்கிக்கிட்டே வரும், அத சரிக்கட்ட சர்வே பண்ணவங்க அங்கங்க கோட்டத் தள்ளிப் போட்டாங்க, பின்னாடி வந்த ரோடும் அதே கோட்டுலயே போயிருச்சு.

ஊருங்க பெரும்பாலும் ரயிலுக்குப் பின்னாடி வந்ததுதான். விவசாயி குதிரை வண்டியில தானியத்த ஏத்திட்டுப் போய் எறக்கிட்டு பொழுதோட வீடு திரும்பணும்ல, அதனால சில மைலுக்கு ஒரு ஸ்டேஷன், பக்கத்துல தானியம் கொட்டி வைக்க உயரமா சைலோ, ஒரு சர்ச், ஒரு கடை, ஒரு போஸ்ட் ஆபீஸ். 1896லேர்ந்து வீட்டுக்கே தபால் வர ஆரம்பிச்சதும் நெறைய குட்டி போஸ்ட் ஆபீஸ மூடிட்டாங்க, கார் வந்ததும் கடையும் போச்சு. நம்ம பழைய கம்பம் (கிராமம்) பேரெல்லாம் பஸ் ஸ்டாப்புல மட்டும் நிக்கிற மாதிரி அங்க பேரு மேப்ல நிக்குது, நேர்ல போனா நாலு வீடும் கல்லறையும்தான். மகள் கோர்ட்டு, ரிஜிஸ்டர் வேலைக்கு கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) தலைநகர் போகணும், சாமான் வாங்கறதும் அனேகமா அங்கதான். டவுன்ஷிப்புக்குன்னு தேர்ந்தெடுத்த ஆளுங்களும் இருக்காங்க, தீயணைப்பு, கல்லறைப் பராமரிப்பு, வேலிச் சண்டைன்னு பாத்துக்குவாங்க.

செக்‌ஷன் 16ன்னு எழுதியிருக்கீங்களே, அதப் படிச்சதும் எனக்கு ரொம்ப சந்தோஷமாயிருச்சு. ஒரு டவுன்ஷிப்ப மைலுக்கு மைல்னு 36 கட்டமா பிரிச்சாங்க, 1 கட்டம்தான் 1 செக்‌ஷன். 36 செக்‌ஷன்ல அந்த ஒண்ண மட்டும் பள்ளிக்கூடத்துக்குன்னே ஒதுக்கி வச்சாங்க, அத வித்த காசுலயும் குத்தகையிலயும் பிள்ளைங்க படிச்சுதுங்க.

ஒரு பேப்பர எடுத்து 6க்கு 6 கட்டம் போடுங்க. வலது மேல் மூலையில 1, அங்கேர்ந்து இடது பக்கமா 6 வரைக்கும், அதுக்கு நேர் கீழ 7, அப்புறம் வலது பக்கமா 12 வரைக்கும், ஏர் ஓட்டிட்டு மாட்டத் திருப்புற மாதிரியே திரும்பித் திரும்பி எழுதிட்டு வாங்க. மேலேர்ந்து 3வது வரிசை, இடதுலேர்ந்து 3வது கட்டம், உங்க மக வீடு அங்கதான் இருக்கு.