சுழல் முறிவதும் நிலைகுலைவதும் ஒன்றா?

கேள்வி: முக்கோண இறக்கையின் மேல் உருவாகும் சுழல், ஓரிடத்தில் திடீரென உப்பிச் சிதைவதாக, அதாவது ‘முறிவதாக’ப் படித்தேன். சிறு அதிர்வுகள் பெருகிப் பெருகிச் சுழலைக் குலைப்பதுதான் இதற்குக் காரணமா?

பதில்: பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள்; அது பாதி உண்மைதான்.

1961இல் லம்போர்ன், பிரையர் ஆகிய ஆய்வாளர்கள் நீரோட்டத்தில் வைத்த முக்கோண இறக்கையின் மீது சாயத்தைச் செலுத்திப் படம் எடுத்தனர். இறக்கையின் இரு விளிம்புகளிலிருந்தும் எழுந்த சுழல்களின் மையத்தில் சாயம் முதலில் நூல் பிடித்தாற்போல் நேராகச் செல்கிறது. பின்னர் ஒரு சுழலில் அது குமிழாகப் பருக்கிறது. மற்றதில் சட்டென வளைந்து திருகுசுருளாக முறுக்கிக்கொள்கிறது.

சிறு அதிர்வுகள் பெருகும் நிலைகுலைவு மட்டுமே காரணமெனில் குமிழை விளக்குவது கடினம். சுழலும் பாய்வில் சுற்றோட்டத்தின் (சுற்றும் வேகத்தையும் மையத்திலிருந்துள்ள தொலைவையும் பெருக்கிய அளவின்) இருமடி மையத்திலிருந்து வெளிநோக்கி எங்கும் குறையாதிருந்தால், அச்சுச் சமச்சீரான, அதாவது குமிழைப் போல அச்சைச் சுற்றி எங்கும் ஒரே மாதிரியான, சிறு குலைவுகள் அதில் வளரமாட்டா என்பது இயற்பியலாளர் ராலேயின் விதி. அந்த விதிக்கு உட்பட்ட சுழல்களும் முறிகின்றன என்பதுதான் சிக்கல்.

1962இல் கணிதவியலாளர் புரூக் பெஞ்சமின் முன்வைத்த விளக்கமே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. குழாய்நீர் தட்டையான பரப்பில் விழும்போது மெல்லிய படலமாக விரைந்து பரவி, ஒரு வட்டத்தில் திடீரெனத் தடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். வட்டத்துக்கு உள்ளே நீரின் வேகத்தை எதிர்த்து அலைகள் மையத்தை நோக்கிச் செல்ல இயலாது, வெளியே இயலும். சுழல் முறிவும் இத்தகைய இரு நிலைகளுக்கு இடையிலான தாவலே என்றார் அவர்.

சுழற்சியால் மையத்தில் அழுத்தம் தாழ்ந்திருக்கும். சுழல் அகன்றால் அந்தத் தாழ்வு குறைகிறது. ஓட்டம் செல்லும் திசையில் உயரும் அழுத்தம் மைய ஓட்டத்தைத் தடுக்கிறது. ஓட்டம் மந்தமாக, சுழல் மேலும் அகல்கிறது. இப்படி ஒன்றையொன்று தூண்டி, இறுதியில் மையத்தில் ஓட்டம் நின்று பின்னோக்கியும் திரும்புகிறது.

அப்படியானால் நிலைகுலைவுக்கு இடமே இல்லையா? உண்டு. குமிழுக்குப் பின்னால் மந்தமான ஓட்டம், சுருள் வடிவக் குலைவுகள் வளர்வதற்கு வாகானது; பல கணினிக் கணக்கீடுகளில் முதலில் குமிழும் அதன் பின்னரே சுருளும் தோன்றுகின்றன.

தாக்குகோணம் (எதிர்வரும் காற்றுக்கு இறக்கை சாய்ந்திருக்கும் கோணம்) கூடக்கூட முறிவிடம் இறக்கையின் முன்முனையை நோக்கி நகர்வதால் ஏற்றுவிசை பாதிக்கப்படுகிறது, வால்பகுதியும் அதிர்கிறது. ஆனால் எரிவாயு விசையாழியின் எரியறையில் இதே முறிவை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். பின்னோக்கித் திரும்பும் வெப்ப வாயுக்கள் புதிதாக வரும் கலவையைப் பற்றவைத்துச் சுடரை அணையாமல் ஓரிடத்தில் நிறுத்துகின்றன.