க்ரூஸில் குழந்தைகளுக்கென்று தனியாகக் காசு கேட்கும் விஷயங்களை வாங்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஏழு இரவு க்ரூஸ் (உல்லாசக் கப்பல் பயணம்), நான்கு வயதுப் பெண், ஒன்பது வயதுப் பையன். டிஸ்னி நிறுவனத்தின் கப்பலா, ராயல் கரீபியன் நிறுவனத்தின் கப்பலா என்று இன்னும் முடிவாகவில்லை. டிக்கெட் விலையே அதிகம், அதற்கு மேல் இளவரசிகளோடு தேநீர் விருந்து, இளவரசி அலங்காரம், தண்ணீர்ப் பூங்கா, குளிர்பான பேக்கேஜ் என்று வரிசையாகக் காசு கேட்கிறார்கள். எதை வாங்கலாம், எதை விடலாம்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேநீர் விருந்து, உங்கள் பெண் புது ஆட்களோடு வாய் திறந்து பேசுகிற குழந்தை என்றால் வாங்குங்கள். அலங்காரத்தை விட்டுவிடுங்கள். தண்ணீர்ப் பூங்கா பையனின் உயரத்தைப் பொறுத்தது. குளிர்பான பேக்கேஜ் பெரும்பாலும் வேண்டாம். குழந்தைகளை வைத்துக்கொண்டு வெவ்வேறு கப்பல்களில் போய்ப் பார்த்ததிலிருந்தும், அக்கா குடும்பத்தோடு சேர்ந்து போனதிலிருந்தும் எனக்குத் தெரிந்ததை வைத்துக் காரணங்களைச் சொல்கிறேன்.

எதற்கும் முன்னால், டிக்கெட்டுக்குள்ளேயே என்னென்ன அடங்கியிருக்கிறது என்று உட்கார்ந்து பாருங்கள். 3 வயதுக்கு மேல் உள்ள குழந்தைக்கு, அதுவும் டைப்பர் விட்ட குழந்தைக்கு, குழந்தைகளை விளையாடவிட்டுப் பார்த்துக்கொள்ளும் கிட்ஸ் கிளப் பகலில் இலவசம். டிஸ்னியில் ஓஷனியர் கிளப் 3 முதல் 10 வயது வரை, 11 முதல் 13 வரை எட்ஜ், 14 முதல் 17 வரை வைப். ராயல் கரீபியனில் அட்வென்ச்சர் ஓஷன். கப்பலில் இருக்கும் குளங்கள், சறுக்குகள், மாலை நிகழ்ச்சிகள் எல்லாம் டிக்கெட்டிலேயே சேர்த்தி. ராயல் கரீபியனின் பெரிய கப்பல்களில் பாறை ஏறும் சுவருக்கும், செயற்கை அலையில் சறுக்கும் ஃப்ளோரைடருக்கும்கூடத் தனிக் காசு கிடையாது. டிஸ்னியில் மிக்கியோடும் இளவரசிகளோடும் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளவும் காசு இல்லை. சில சந்திப்புகளுக்கு முன்பதிவு செய்ய வேண்டும், அதுவும் இலவசம்தான். குழந்தைக்கும் சேர்த்துத்தான் நீங்கள் டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள், பல கப்பல்களில் தினசரி டிப்ஸும் குழந்தைக்குத் தனியாக உண்டு. ஆக, இதெல்லாம் நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவை.

அதனால் காசு கேட்கும் ஒவ்வொன்றையும் பார்த்து நான் கேட்பது ஒன்றுதான். இது கொடுப்பதை வேறு வடிவத்தில் கப்பலே சும்மா கொடுக்கிறதா? கொடுக்கிறது என்றால் வேண்டாம். கொடுக்கவில்லை என்றால் யோசிக்கலாம்.

தேநீர் விருந்தை இப்படிப் பாருங்கள். டிஸ்னி கப்பல்களில் ஒரு பெரியவருக்கும் ஒரு குழந்தைக்கும் சேர்த்து 200 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். கேட்டவுடனே தலை சுற்றும். அதற்குக் கேக், தேநீர், பாட்டு, கதை, கையில் சில பரிசுகள். கேக்கும் தேநீரும் மேல்தளத்தில் சும்மாவே கிடைக்கும். பரிசுகளை மட்டும் கணக்குப் பண்ணினாலும் அந்தத் தொகை வராது. ஆனால் அங்கே உண்மையில் நீங்கள் வாங்குவது நேரம். இலவசச் சந்திப்பில் வரிசையில் நின்று, முறை வந்ததும் ஒரு கட்டிப்பிடிப்பு, ஒரு போட்டோ, இரண்டு வார்த்தை, அடுத்த குடும்பம் வந்துவிடும். விருந்தில் இளவரசிகள் மேசை மேசையாக வந்து குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள், கேள்வி கேட்பார்கள், குழந்தை சொல்லும் பதிலுக்குக் காத்திருப்பார்கள். இந்த நிதானம் கப்பலில் வேறு எங்கேயும் கிடைக்கவில்லை.

என் மகளுக்கு அப்போது உங்கள் பெண்ணின் வயதுதான். தன் மீன்குஞ்சுகளைப் பற்றி ஒரு நீண்ட கதையை ஆரம்பித்தாள். எதிரே இருந்தவர் கடைசிவரை அவசரமே படாமல் கேட்டார், நடுவில் மீன்களின் பெயரையும் கேட்டார். எனக்கு அந்தப் பணம் அங்கேயே பொருந்திப்போனது. அதே வயதில் என் அக்கா பையன் இருந்தபோது, வேஷம் போட்ட யார் அருகில் வந்தாலும் அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வான். அவனுக்கு அது எவ்வளவு அன்பான விருந்தாக இருந்தாலும் ஒரு மணி நேரத் தவிப்பாகத்தான் இருந்திருக்கும். நல்ல வேளை, அக்கா அவனுக்கு வாங்கவில்லை. விருந்து அதேதான். குழந்தை யார் என்பதைப் பொறுத்துத்தான் அதன் மதிப்பு மாறுகிறது.

உங்கள் பெண் எந்த வகை என்று உங்களுக்கே தெரியும். சந்தேகமாக இருந்தால் பிறந்தநாள் விழாக்களில் புதுப் பெரியவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறாள் என்று நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, அந்தக் கதாபாத்திரங்களை அவளுக்குத் தெரியுமா? நமக்குப் பிடித்த இளவரசியைக் குழந்தைக்கும் பிடிக்கும் என்று நாமே முடிவு செய்துவிடுவோம். அவளிடம் கப்பலின் விளம்பரப் படங்களைக் காட்டாமல், "கப்பல்ல என்ன செய்யணும்னு ஆசை?" என்று மட்டும் கேளுங்கள். படத்தைக் காட்டினால் எந்தக் குழந்தையும் எல்லாம் வேண்டும் என்றுதான் சொல்லும். காட்டாமல் கேட்டால் "நிறைய நேரம் தண்ணியில இருக்கணும்" என்று சொன்னாலும் சொல்வாள். அப்படிச் சொன்னால் அந்தப் பதிலை நம்புங்கள்.

அலங்காரத்தை ஏன் விடச் சொல்கிறேன்? டிஸ்னியில் பிபிடி பாபிடி பொட்டீக் என்ற கடை இதைச் செய்கிறது, 3 முதல் 12 வயது வரை. தலைமுடியைப் பின்னி, மினுமினுப்புத் தூவி, நகப்பூச்சு போட்டு விடுவார்கள். வெறும் தலை அலங்காரம் ஒரு விலை. கூடவே உடையும் சேர்ந்தால் விலை நன்றாக ஏறிவிடும். அந்த உடையை வீட்டிலிருந்தே பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாம், கப்பலில் எந்த மாலையிலும் போட்டுவிடலாம். கொண்டையை நீங்களே அறையில் கண்ணாடி முன் போட்டுவிடலாம், உங்கள் கை அவளுக்குப் பழகிய கை. அலங்காரம் முடிந்தபின் அந்தக் குழந்தை குளத்துப் பக்கம் போக முடியாது, போனால் எல்லாம் கலைந்துவிடும். நான்கு வயதுக் குழந்தைக்குக் கப்பலில் குளத்தைவிடப் பெரிய விஷயம் எதுவும் இல்லை என்று நான் நம்புகிறேன்.

ஆனாலும் ஒரு விதிவிலக்கு சொல்கிறேன். மாதக்கணக்கில் அந்த நாற்காலியில் உட்காருவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் குழந்தைகள் உண்டு. அப்படி என்றால் உடை இல்லாத சின்னப் பேக்கேஜை எடுங்கள், துறைமுகத்தில் கப்பல் நிற்கும் நாளின் பிற்பகலில் வையுங்கள். எல்லோரும் ஊர் சுற்றப் போயிருப்பார்கள், கடை அமைதியாக இருக்கும், முடிந்ததும் நேராக இரவு உணவுக்கும் போட்டோவுக்கும் போய்விடலாம். விருந்து, அலங்காரம் இரண்டையும் ஒரே பயணத்தில் வாங்காதீர்கள். ஒன்று போதும் என்றால் குழந்தையும் அதை முழுசாக அனுபவிக்கும்.

காசைவிடக் குறைவாக இருப்பது குழந்தையின் நல்ல நேரம். கப்பலில் போகும்போது இது யாருக்கும் தோன்றுவதில்லை. நான்கு வயதுக் குழந்தை மதியம் தூங்கியாக வேண்டும், இல்லையென்றால் சாயங்காலம் யாராலும் சமாளிக்க முடியாது. இரவு உணவின் முதல் பந்தி மாலை ஆறு மணியை ஒட்டி, இரண்டாவது எட்டு மணிக்கு மேல். நடுவில் துறைமுகம், வெயில், வரிசை. ஒரு நாளில் அவள் சிரித்த முகத்தோடு இருக்கும் நேரம் மூன்று நான்கு மணிதான் தேறும். காசு கொடுத்து வாங்கிய ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், அதுவும் கப்பல் குறித்த மணிக்கு. தூங்கும் குழந்தையை எழுப்பி, அழ அழ உடை மாற்றி, "இவ்வளவு காசு கொடுத்திருக்கேன், வா" என்று இழுத்துப்போகும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படும். அதனால் ஏறும் நாளிலும் மறுநாள் காலையிலும் எதையும் பதிவு செய்யாதீர்கள். குழந்தைகள் கப்பலுக்குப் பழகட்டும்.

பையன் விஷயம் வேறு. ராயல் கரீபியனில் போனால், பஹாமாஸில் அவர்களுடைய தீவான கோகோகேயில் கப்பல் நிற்கலாம். அங்கே 2019இல் திறந்த த்ரில் வாட்டர்பார்க் இருக்கிறது, அதற்குத் தனி டிக்கெட். விலை தேதிக்குத் தேதி மாறும். பெரிய சறுக்குகள் பலவற்றுக்கு 48 அங்குல உயரம் வேண்டும். இன்றே பையனைச் சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள். 48ஐத் தாண்டிவிட்டான், உயரமும் வேகமும் பிடிக்கும் என்றால், அந்த நாள் அவனுக்குப் பயணத்திலேயே பெரிய நாளாக இருக்கும், வாங்கலாம். தாண்டவில்லை என்றால் வேண்டவே வேண்டாம். அதே தீவில் சின்னக் குழந்தைகளுக்கான ஸ்பிளாஷ்அவே பே, மணல், பெரிய குளம் எல்லாம் இலவசம். உங்கள் பெண்ணுக்கு அதுவே ஏராளம். பூங்காவுக்குள் கூடப் போகும் பெரியவருக்கும் டிக்கெட் வேண்டும் என்பதால், ஒருவர் பையனோடும் இன்னொருவர் பெண்ணோடும் பிரிந்துகொள்ளுங்கள். காற்று பலமாக இருந்தால் கப்பல் அந்தத் தீவில் நிற்காமலே போகலாம். கப்பல் நிறுவனத்திடமே வாங்கியிருந்தால் அப்போது பணம் திரும்பி வந்துவிடும்.

உயரக் கட்டுப்பாடு கப்பலுக்குள்ளும் உண்டு. ஃப்ளோரைடரில் படுத்துச் சறுக்க 52 அங்குலம், நின்று சறுக்க 58. டிஸ்னியின் அக்வாடக் சறுக்குக்கு 42. இவை இலவசம்தான், ஆனால் "இது இருக்கு" என்று பையனிடம் ஆசை காட்டும் முன் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிப்பவர்களில் கைக்குழந்தை உள்ளவர்களும் இருப்பார்கள், அவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். காசு கேட்கும் விஷயங்களில் நான் தயங்காமல் வாங்கச் சொல்வது நர்சரியைத்தான். டிஸ்னியிலும் ராயல் கரீபியனிலும் 6 மாதத்திலிருந்து 3 வயது வரை உள்ள குழந்தைகளை மணிக்கணக்குக் கட்டணத்தில் பார்த்துக்கொள்வார்கள். இடம் மிகக் குறைவு, சீக்கிரம் நிரம்பிவிடும். ஒரு மாலை இரண்டு மணி நேரம் கணவனும் மனைவியும் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுநாள் இருவருக்கும் குழந்தையிடம் பொறுமை இரட்டிப்பாக இருக்கும். அது அந்தக் குழந்தைக்கும் சேர்த்து வாங்கியதுதான். டைப்பர் போடும் குழந்தையை, நீச்சல் டைப்பர் போட்டிருந்தாலும், பெரிய குளங்களில் இறக்க விடமாட்டார்கள். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களின் சுகாதாரத்தை அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி சோதிக்கிறது, அந்த விதிகளால் வந்த கட்டுப்பாடு இது. சில கப்பல்களில் அவர்களுக்கென்று தண்ணீர் தெளிக்கும் தனி இடம் இருக்கும், பதிவு செய்வதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிட்ஸ் கிளப்புக்கும் இரவில் ஒரு நுணுக்கம் உண்டு. ராயல் கரீபியன், கார்னிவல் போன்ற நிறுவனங்களின் கப்பல்களில் இரவு 10 மணிக்கு மேல் கட்டணம் ஆரம்பித்துவிடும். பையன் அங்கேயே இருக்கிறேன் என்று அடம்பிடிக்கும் வயது, எத்தனை மணிக்குக் கூப்பிட வருவீர்கள் என்று முன்பே பேசிவையுங்கள்.

குளிர்பானம் பற்றிச் சுருக்கமாக. டிஸ்னியில் சாப்பாட்டு நேரத்திலும் மேல்தள இயந்திரங்களிலும் குளிர்பானம் இலவசம், அங்கே கேள்வியே இல்லை. ராயல் கரீபியனில் தண்ணீர், பால், எலுமிச்சைச் சாறு, காலைச் சாப்பாட்டுப் பழச்சாறு சும்மா கிடைக்கும். அதற்கு மேல் பேக்கேஜ் வாங்கினால் தினக்கட்டணம், அதன் மேல் டிப்ஸ். நாளுக்கு ஒரு குளிர்பானம் குடிக்கிற பையனுக்கு அது கட்டுப்படியாகாது. வேண்டும்போது ஒன்று வாங்கிக் கொடுங்கள், போதும்.

ஆர்கேட் எனப்படும் வீடியோ கேம் கூடத்து விளையாட்டுத்தான் சத்தமே இல்லாமல் காசைத் தின்னும். அறை அட்டையைத் தட்டினால் போதும், கணக்கில் ஏறிவிடும். கப்பலில் ஏறியவுடனே கெஸ்ட் சர்வீஸ் மேசைக்குப் போய்ப் பையனின் அட்டையில் செலவு செய்யும் வசதியை நிறுத்தச் சொல்லுங்கள், செய்து கொடுப்பார்கள். கதவு திறக்க அந்த அட்டை வழக்கம்போல வேலை செய்யும். விளையாட ஆசைப்பட்டால் இவ்வளவுதான் என்று சொல்லி உங்கள் அட்டையில் விளையாடட்டும்.

பெண்ணுக்கு விருந்து என்றால் பையனுக்கும் அதே தொகைக்கு ஏதாவது வாங்க வேண்டுமே என்ற எண்ணம் வரும். வேண்டாம். ஒன்பது வயதுப் பையனுக்கு அப்பாவோ அம்மாவோ அவனோடு மட்டும் கழிக்கும் ஒரு பிற்பகல் கொடுங்கள். மகளை விருந்துக்கு ஒருவர் கூட்டிப்போகும் அதே நேரத்தில் மற்றவர் பையனோடு சறுக்கில் ஏறலாம், பாறைச் சுவரில் ஏறலாம். தாத்தா பாட்டி, சித்தப்பா, அத்தை யாராவது "குழந்தைக்கு என்ன வாங்கித் தர?" என்று கேட்டால், பொம்மைக்குப் பதில் இந்தப் பூங்கா டிக்கெட்டைக் கேளுங்கள். பையனும் நன்றியோடு நினைப்பான், உங்கள் பையும் தப்பிக்கும்.

கடைசியாகப் பதிவு செய்யும் முறை. டிஸ்னியில் முதல் முறை போகிறவர்களுக்கு, முழுப் பணமும் கட்டியிருந்தால், பயணத்துக்கு 75 நாள் முன்பு பதிவு திறக்கும். அடிக்கடி போகிறவர்களுக்கு அதற்கு முன்பே திறந்துவிடுவதால் விருந்தில் இடம் குறைவாகத்தான் மிஞ்சும். அன்று நள்ளிரவிலேயே பார்த்துவிடுங்கள். கிடைக்கவில்லை என்றால் கப்பலில் ஏறிய மதியமே கேளுங்கள், ரத்தான இடங்கள் அப்போது வரும். ராயல் கரீபியனில் முன்கூட்டியே இணையத்தில் வாங்குவது பெரும்பாலும் கப்பலுக்குள் வாங்குவதைவிட மலிவு. விலை பிறகு இறங்கினால் பழையதை ரத்து செய்துவிட்டுப் புது விலையில் வாங்கிக்கொள்ளலாம், பயணத்துக்குச் சில நாள் முன்பு வரை இப்படிச் செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் ரத்து செய்யும் கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, அதற்கு முந்தின நாள் குழந்தைகள் இருவரையும் உட்காரவைத்து மறுபடியும் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.