பக்கத்தில் இல்லாத கவசம்

அன்புள்ள ஐயா,

பிலடெல்பியாவில் மிதக்கும் அருங்காட்சியகமாக இருக்கும் ‘ஒலிம்பியா’ போர்க்கப்பலைப் பார்த்தேன். ‘பாதுகாக்கப்பட்ட க்ரூஸர்’ (வேகமாக நெடுந்தூரம் ஓடும் போர்க்கப்பல்) வகை என்றார்கள். ஆனால் பக்கவாட்டில் கவசமே இல்லை, மெல்லிய எஃகுத் தகடுதான். குண்டு துளைத்தால் தண்ணீர் புகாதா? அப்படியானால் எதைத்தான் பாதுகாத்தார்கள்?

க.

அன்புள்ள க.,

தண்ணீர் புகும். அதை ஏற்றுக்கொண்டுதான் வடிவமைத்தார்கள். பாதுகாத்தது எஞ்சின், கொதிகலன், வெடிமருந்து அறை, சுக்கான் பொறி இவற்றை மட்டும்.

1892இல் நீரில் இறங்கிய இந்த 5,870 டன் கப்பல் மணிக்கு 21 கடல்மைலுக்கு மேல் ஓடியது. அந்த வேகத்துக்கான எஞ்சினையும் நிலக்கரியையும் ஏற்றிய பிறகு, தடித்த பக்கக் கவசத்துக்கு எடை மிஞ்சாது. அதனால் கப்பலுக்குள்ளேயே ஆமை ஓடு போல ஓர் எஃகுத் தளம் போட்டார்கள். நடுவே தட்டையாக, 2 அங்குலத் தடிமன். ஓரங்களில் சரிந்து இறங்கி, நீர்மட்டத்துக்குக் கீழே பக்கத் தகட்டைத் தொடும்; அந்தச் சரிவின் தடிமன், கப்பலின் நீளவாக்கில் நடுப்பகுதியில், 4.75 அங்குலம். அன்றைய சண்டைத் தூரத்தில் குண்டு ஏறக்குறைய கிடையாகவே வரும். சரிவில் பட்டால் வழுக்கிவிடும்.

தளத்துக்கு மேலே மிதப்பைக் காத்தது நிலக்கரி. 2 அடி நிலக்கரி 1 அங்குல இரும்புக்குச் சமம் என்பது அன்றைய கணக்கு. கிடங்கு நிறைந்திருந்தால், பக்கம் துளைபட்டாலும் நீர் புக இடம் குறைவு. பிரெஞ்சு, அமெரிக்கக் கடற்படைகள் பக்கத் தகட்டை ஒட்டிய குறுகிய அறைகளில் தேங்காய் மட்டைச் சோற்றையும் அடைத்தன! நீர் பட்டதும் அது ஊதித் துளையை அடைக்க வேண்டும். நடைமுறையில் ஈரம் கோத்துத் தகட்டை அரித்தது. தீப்பிடிக்கும் பயமும் இருந்தது.

என் பார்வையில் இந்த வடிவத்தின் உண்மையான பலவீனம் நிலக்கரிதான். எரிக்க எரிக்கக் கவசம் கரைகிறது. நீண்ட பயணத்தின் முடிவில் எதிரியைச் சந்தித்தால் மேல் கிடங்குகள் காலி. அப்போது புகும் நீர், கப்பல் சாயும் பக்கமே ஓடிச் சாய்வைக் கூட்டும். எஞ்சின் பழுதில்லாமல் இருக்கும்போதே கப்பல் கவிழலாம்.

1890களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் க்ருப் நிறுவனம் உருவாக்கிய கடினமான கவச எஃகு வந்ததும் மெல்லிய தகடே போதிய வலு தந்தது. 1898இல் கட்டத் தொடங்கிய பிரிட்டனின் ‘க்ரெஸ்ஸி’ வகை க்ரூஸர்களில் 6 அங்குலப் பக்கக் கவசம் திரும்ப வந்துவிட்டது.

மறுமுறை போனால் எஞ்சின் அறையின் மேற்பகுதியைக் கவனியுங்கள். செங்குத்து எஞ்சினின் சிலிண்டர் தலைகள் கவசத் தளத்துக்குள் அடங்காமல் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைச் சுற்றிச் சாய்வான தகட்டுச் சுவர் தனியாக எழுப்பியிருப்பார்கள்.